வாதாடும் வாசகர்கள்: 'தி பிக் பேங் தியரி' தொடரும் காமிக்ஸ் இரசிகர்களும்

1. சிக்கல்

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2007 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய 'தி பிக் பேங் தியரி', 12 சீசன்கள் ஓடி, 279 எபிசோடுகளோடு 2019 மே 16 அன்று நிறைவடைந்தது. அரங்கில் பார்வையாளர்களை உட்காரவைத்துப் பல கேமராக்களால் படமாக்கும் பழைய பாணி நகைச்சுவைத் தொடர் அது. அந்தப் பாணியில் 275 எபிசோடுகளோடு முன்னணியில் இருந்த 'சியர்ஸ்' தொடரை எண்ணிக்கையில் தாண்டியது. சக் லோரியும் பில் பிரேடியும் உருவாக்கிய இதன் கதைக்கரு எளியது. கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில், கால்டெக் நிறுவனத்தில் பணிபுரியும் நான்கு நண்பர்கள்: இயற்பியலாளர்களான ஷெல்டனும் லெனர்டும், வானியற்பியலாளன் ராஜ், பொறியாளன் ஹோவர்ட். அறிவில் மேதைகள், உலக வழக்கில் குழந்தைகள். ஷெல்டனும் லெனர்டும் வசிக்கும் வீட்டுக்கு எதிர்வீட்டில் பென்னி குடிவருகிறாள். உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டு, நடிகையாகும் கனவோடு இருப்பவள்.

நால்வருக்கும் அறிவியல் பிழைப்பு என்றால் காமிக்ஸ்தான் வாழ்க்கை. இத்தொடர் காமிக்ஸ் வாசகர்களிடையே பெற்ற வரவேற்புக்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. தங்களைப் போன்றவர்களைத் திரையில் காணும் மகிழ்ச்சி ஒன்று. பிறருக்குப் புரியாத குறிப்புகள் தங்களுக்குப் புரிகின்றன என்ற பெருமிதம் மற்றொன்று. இரண்டும் முழு விடை ஆகா.

முதல் காரணத்தை எடுத்துக்கொள்வோம். காமிக்ஸ் வாசகர் 2007க்கு முன்பே திரைக்கு வந்துவிட்டார். 'தி சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூன் தொடரில் காமிக்ஸ் கடைக்காரர் பாத்திரம் 1991 முதலே உண்டு. பருத்த உடலும் எகத்தாளப் பேச்சுமாக, எல்லாவற்றையும் மட்டம் தட்டும் மனிதர். திரையில் தெரிவது மட்டும் போதுமென்றால் அந்தக் கேலிச்சித்திரமே போதுமானது. இரண்டாம் காரணமும் நிற்காது. தொடரின் இறுதி எபிசோடை முதல் ஒளிபரப்பில் பார்த்தவர்கள் ஏறக்குறைய 1.8 கோடிப் பேர். அமெரிக்கச் சந்தையில் ஒரு காமிக்ஸ் இதழ் ஒரு லட்சம் பிரதி விற்றாலே பெரிய வெற்றி எனக் கருதப்பட்ட காலம் அது. ஆக, பார்வையாளர்களில் மிகப் பெரும்பான்மையினர் காமிக்ஸ் படிக்காதவர்கள். அவர்களும் சிரிக்கவேண்டும் என்பதால் தொடரில் வரும் பெயர்கள் பெரும்பாலும் பேட்மேன், சூப்பர்மேன், ஃப்ளாஷ் என ஊரறிந்தவையாகவே இருக்கின்றன. அவற்றை அடையாளம் காண்பதில் தேர்ந்த வாசகருக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இக்கட்டுரையின் வாதம் இது: இத்தொடர் காமிக்ஸ் வாசகரைக் கவர்வதற்குக் காரணம், அவர் என்ன படிக்கிறார் என்பதைக் காட்டியதைவிட, படித்தபின் அவர் என்ன செய்கிறார் என்பதைக் காட்டியதில் இருக்கிறது. படித்தபின் அவர் வாதாடுகிறார். அரை நூற்றாண்டுக்கு மேலாக வாசகர் கடிதப் பக்கங்களிலும் கடைகளிலும் வளர்ந்த அந்த வாதக் கலையை இத்தொடர் தன் நகைச்சுவையின் இயந்திரமாக ஆக்கிக்கொண்டது. கூடவே, நகைச்சுவைத் தொடர் என்ற வடிவத்துக்கும் தொடர் காமிக்ஸ் என்ற வடிவத்துக்கும் இடையிலான உறவு அந்த வாதத்துக்கு வேண்டிய தீனியைப் போட்டது.

2. லோயிஸ் லேன் எப்படி விழுந்தாள்

2007 அக்டோபர் 1 அன்று ஒளிபரப்பான இரண்டாம் எபிசோடில் ஒரு காட்சி. குடியிருப்பின் மாடி நடையில் நால்வரும் பென்னியும் நிற்கிறார்கள். பேச்சு சூப்பர்மேன் படங்களின் பக்கம் திரும்புகிறது. ஹெலிகாப்டரிலிருந்து விழும் லோயிஸ் லேனை சூப்பர்மேன் பறந்துவந்து பிடிப்பானே, அது எந்தப் படம் என்று கேட்கிறாள் பென்னி. 1978இல் வந்த முதல் படம். நால்வரும் ஒரே குரலில் அதைச் சொல்கிறார்கள். அந்தக் காட்சியில் அறிவியல் பிழைகள் மலிந்திருப்பதாக ஷெல்டன் ஆரம்பிக்கிறான். தெரியும், மனிதர்களால் பறக்க முடியாது என்கிறாள் பென்னி. பறக்க முடியும் என்றே வைத்துக்கொள்வோம் என்கிறான் ஷெல்டன்.

காமிக்ஸ் வாசகரின் மனப்போக்கு மொத்தமும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. புறவாசகர் அடிப்படைக் கற்பனையையே நம்ப மறுத்து அங்கேயே நின்றுவிடுகிறார். உள்வாசகர் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து பிறக்கும் விளைவுகளைக் கறாராகக் கணக்குப் பார்க்கிறார். ஷெல்டனின் கணக்குப்படி லோயிஸ் வினாடிக்கு வினாடி 32 அடி வேக முடுக்கத்தில் விழுகிறாள். இரும்புக் கரங்கள் அவளைத் தாங்கும்போது அவள் வேகம் மணிக்கு 120 மைல். எனவே அவள் மூன்று சம துண்டுகளாவாள். காற்றின் தடையை விட்டுவிட்டால், அந்த வேகத்தை எட்ட ஐந்தரை வினாடியும் 484 அடி உயரமும் வேண்டும். நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உயரம் அது; பெருநகரச் செய்தித்தாள் அலுவலகத்தின் மாடியிலிருந்து விழுபவளுக்குப் பொருந்துகிற கணக்குதான்.

லெனர்ட் விடுவதாக இல்லை. சூப்பர்மேன் அவளுடைய வேகத்துக்கு ஈடுகொடுத்து இறங்கிப் பிடித்து, பின் மெல்ல வேகத்தைக் குறைக்கலாமே என்கிறான். தரை இரண்டடி தூரத்தில் இருக்கும்போது அதற்கு இடம் எங்கே என்று ஷெல்டன் மடக்குகிறான். பறப்பது வலிமையால் ஆகும் செயல் என்ற அனுமானத்தின் மேல்தானே உன் வாதம் நிற்கிறது என்று லெனர்ட் கேட்க, அது ஐயத்துக்கிடமில்லாமல் நிறுவப்பட்டது என்கிறான் ஷெல்டன்: உயர்ந்த கட்டடங்களைத் தாண்டிக் குதிக்கும் ஆற்றலின் நீட்சியே பறத்தல், அந்த ஆற்றல் பூமியின் மஞ்சள் சூரியனிலிருந்து வருகிறது. அப்படியானால் இரவில் எப்படிப் பறக்கிறான் என்கிறான் ஹோவர்ட். நிலவு திருப்பியனுப்பும் சூரிய ஒளியாலும், கிரிப்டான் வாசிகளின் தோல் செல்கள் சேமித்து வைக்கும் ஆற்றலாலும் என்று பதில் வருகிறது. என்னிடம் 2,600 காமிக்ஸ் இதழ்கள் இருக்கின்றன, தோல் செல்லைப் பற்றி ஒரு வரி எடுத்துக்காட்டு பார்க்கலாம் என்று லெனர்ட் சவால் விடுகிறான். ஏற்றுக்கொண்டு கதவைத் திறக்கப் போனால் சாவி இல்லை. பென்னி எப்போதோ போய்விட்டாள்.

பொதுப் பார்வையாளர் சிரிப்பது சாவிக்கும் பென்னி போனதற்கும். காமிக்ஸ் வாசகர் சிரிப்பதற்கான இடம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. பறத்தலைப் பற்றிய ஷெல்டனின் அந்த ஒரு வாக்கியம் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த இரண்டு விளக்கங்களை ஒட்டுப்போட்டது. 1938இல் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல் தூரம் தாவத்தான் தெரியும். அதற்குச் சொல்லப்பட்ட காரணம் அவனுடைய இனத்தின் உடல் வளர்ச்சி. மஞ்சள் சூரியன் என்ற காரணம் ஆற்றலின் மூலமாக நிலைபெற்றது 1960 வாக்கில்தான். இடைப்பட்ட காலத்தில் எழுத்தாளர்கள் மாறினார்கள், ஆற்றல்கள் பெருகின, விளக்கங்கள் பின்னால் ஓடிவந்தன. அந்த விரிசல்களைப் பூசி மெழுகி, எல்லாம் ஆதியிலிருந்தே ஒரே உண்மையாக இருந்ததுபோல் பேசுவது தேர்ந்த இரசிகரின் வித்தை. ஷெல்டன் செய்வது அதுவே. லெனர்ட் மூலச்சான்று கேட்பதும் அந்த மரபின்படிதான்.

இந்த மரபுக்கு எழுதப்பட்ட வரலாறு உண்டு. டிசி நிறுவனத்தின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், இளமையில் அறிவியல் புனைகதை இரசிகர் இதழ் நடத்தியவர். 1960களின் தொடக்கத்தில் தம் இதழ்களில் கடிதம் எழுதிய வாசகர்களின் முழு முகவரிகளையும் அச்சிட்டார். அதுவரை தனித்தனியே படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். ஜெர்ரி பெய்ல்ஸ் 1961இல் 'ஆல்ட்டர் ஈகோ' என்ற இரசிகர் இதழைத் தொடங்கினார். அதில் அவருக்குத் துணைநின்ற ராய் தாமஸ் பின்னாளில் மார்வெலின் தலைமை ஆசிரியராகவே ஆனார். மார்வெலில் ஸ்டான் லீ ஒரு படி மேலே போய், பிழை கண்டுபிடிக்கும் வாசகர்களுக்கு 'நோ-பிரைஸ்' என்ற பரிசை அறிவித்தார். பரிசாகத் தபாலில் வந்து சேர்வது வெறும் உறை. நாளடைவில், பிழையைச் சுட்டினால் மட்டும் போதாது, அது ஏன் பிழையே அல்ல என்றும் விளக்கவேண்டும் என்ற வழக்கம் உருவானது. பிழை காண்பவரும் அதைச் சரிக்கட்டுபவரும் ஒரே ஆள். கிரிப்டான் தோல் செல் என்பது 'நோ-பிரைஸ்' வாங்கியிருக்கவேண்டிய விளக்கம்.

வீழ்ந்தவளைப் பிடிப்பது பற்றிய விவாதமும் புதிதன்று. 1973இல் வந்த 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 121ஆம் இதழில், பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடப்பட்ட க்வென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் தன் வலையால் பிடிக்கிறான். ஆனால் அவள் இறந்துபோகிறாள். அவளைக் கொன்றது வீழ்ச்சியா, திடீரென்று நிறுத்தப்பட்ட அதிர்ச்சியா என்று வாசகர்கள் மல்லுக்கட்டினார்கள். திடீர் நிறுத்தமே காரணம் என்று சில இதழ்கள் கழித்துக் கடிதப் பக்கத்தில் ஆசிரியர் தரப்பு பதில் சொல்லவேண்டி வந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் காக்காலியோஸ், மீநாயகர்களின் இயற்பியல் பற்றி 2005இல் வெளியிட்ட நூலில் அந்த மரணத்தைக் கணக்குப்போட்டே விளக்குகிறார். லோயிஸைப் பற்றி ஷெல்டன் பேசும்போது அந்த வரலாறு அறிந்தவருக்குக் க்வென் நினைவுக்கு வருவாள். தொடர் அவள் பெயரைச் சொல்வதில்லை. சொல்லாமலே கேட்கவேண்டியவருக்குக் கேட்டுவிடுகிறது.

3. ஃப்ளாஷ் என்ற வாசகன்

முதல் சீசனின் ஆறாம் எபிசோடில், மாறுவேட விருந்துக்கு நால்வரும் தனித்தனியே தயாராகி வந்து பார்த்தால் நான்கு பேரும் ஃப்ளாஷ். வேகத்தின் நாயகன் ஃப்ளாஷை இவர்கள் தேர்ந்தெடுப்பதற்கு ஓர் உட்பொருத்தம் இருக்கிறது. 1956இல் 'ஷோகேஸ்' நான்காம் இதழில் அறிமுகமான ஃப்ளாஷ், அதாவது பேரி ஆலன், காவல்துறையின் அறிவியல் ஆய்வாளன். ஆய்வுக்கூடத்தில் அவன் பழைய காமிக்ஸ் இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறான். 1940களின் ஃப்ளாஷ் கதை அது. மின்னல் தாக்கி வேக ஆற்றல் கிடைத்ததும் தான் படித்த நாயகனின் பெயரையே சூடிக்கொள்கிறான். பிறகு 1961இல் 'தி ஃப்ளாஷ்' 123ஆம் இதழில் வேறோர் இணை உலகுக்குப் போய்விடுகிறான்; அந்தப் பழைய நாயகன் அங்கே உண்மையாகவே வாழ்வதைக் கண்டு, அவனைத் தேடிப்போய்ச் சந்திக்கிறான்.

அறிவியல் படித்தவன், காமிக்ஸ் வாசகன், தன் அபிமான நாயகனைத் தேடிப்போய்ச் சந்திப்பவன்: ஷெல்டனின் ஆசை வரைபடம் இதுவேதான். 2010 மார்ச்சில் ஒளிபரப்பான எபிசோடில் ஸ்டான் லீ தாமாகவே தோன்றினார். அவர் கையெழுத்திடும் நிகழ்ச்சியைத் தவறவிட்ட ஷெல்டன், பென்னியோடு அவர் வீட்டுக்கே போய்விடுகிறான். கிடைத்தது, இனி அருகில் வரக்கூடாது என்ற நீதிமன்றத் தடையாணை. ஏற்கெனவே 'ஸ்டார் டிரெக்' நடிகர் லெனர்ட் நிமோயிடமிருந்து வாங்கிய தடையாணைக்குப் பக்கத்தில் இதையும் மாட்டலாம் என்று அவன் மகிழ்கிறான். பேரி ஆலனுக்கு வாய்த்த சந்திப்பு ஷெல்டனுக்கு இப்படித்தான் வாய்க்கிறது. வாசகனே நாயகனாகலாம் என்று காமிக்ஸ் தந்த வாக்குறுதியும், வாழ்க்கையில் அதன் கதி என்ன என்பதும் ஒரே காட்சியில் இருக்கின்றன. தன்னைத் தானே கேலிசெய்துகொள்ளத் தெரிந்த வாசகருக்கு இது பிடிக்காமல் போகாது.

4. கடை

2009 ஏப்ரலில் தொடருக்குள் ஸ்டூவர்ட் வருகிறான். பாசடீனாவில் காமிக்ஸ் கடை நடத்துபவன். ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியில் ஓவியம் கற்றவன். பென்னியோடு வெளியே போகும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கிறது. சந்திப்பு முடிந்து அவள் வீடு வரை வந்தவன், அங்கே ஷெல்டனோடு பேட்மேனின் இடத்துக்கு யார் வருவது என்ற வாதத்தில் இறங்கிவிடுகிறான். இந்த எபிசோடு வந்த நாட்களில், பேட்மேனாக இருந்த புரூஸ் வேய்ன் மறைந்ததாகக் காட்டிவிட்டு அடுத்த பேட்மேன் யார் என்ற போட்டியைத்தான் டிசியின் இதழ்கள் நடத்திக்கொண்டிருந்தன. அந்த வாரம் உண்மையான கடைகளில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் பேச்சையே திரையில் கேட்டார்கள்.

காமிக்ஸ் கடை என்ற நிறுவனம் எப்படி வந்தது என்று தெரிந்தால் ஸ்டூவர்டின் வறுமை வெறும் நகைச்சுவையாகத் தெரியாது. 1970களின் தொடக்கம்வரை காமிக்ஸ் பத்திரிகைக் கடைகளில் தொங்கியது. விற்காததைத் திருப்பி அனுப்பிவிடலாம். பில் சூலிங் என்ற வணிகர் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். பதிப்பகத்திடமிருந்து கூடுதல் கழிவில் நேரடியாக வாங்கலாம், ஆனால் விற்காததைத் திருப்ப முடியாது. இந்த நேரடி விற்பனை முறையால் காமிக்ஸ் மட்டுமே விற்கும் தனிக் கடைகள் பெருகின. கூடவே, தேங்கும் ஒவ்வொரு பிரதியும் கடைக்காரரின் தலையில் விழுந்தது. 1990களின் தொடக்கத்தில் முதலீடாக நினைத்து இதழ்களை மூட்டை மூட்டையாக வாங்கியவர்கள் விலகியதும் ஏராளமான கடைகள் மூடப்பட்டன. மார்வெல் நிறுவனமே 1996 இறுதியில் திவால் நடவடிக்கைக்குப் போனது. வாடகை கட்ட முடியாமல் கடையிலேயே படுத்து உறங்கும் ஸ்டூவர்ட் இந்தப் பொருளாதாரத்தின் பிள்ளை. காமிக்ஸ் வாசகர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கும்போது தங்கள் ஊர்க் கடைக்காரரை நினைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள்.

காமிக்ஸ் பண்பாட்டைப் பற்றி மேத்யூ பஸ்ட்ஸ் 1999இல் எழுதிய நூல், முந்தைய கதைகளை அறிந்திருந்தாலொழிய புரியாத அந்த எழுத்து முறையே புதியவர்களை வெளியே நிறுத்துகிறது, உள்ளே இருப்பவர்களைச் சமூகமாகவும் ஆக்குகிறது என்று வாதிடுகிறது. தொடர் இந்தச் சுவரை இடிக்கவில்லை. அதில் ஒரு சன்னல் வைத்தது. பென்னிக்காக ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது, அந்த விளக்கமே நகைச்சுவையாகிறது. பழைய காமிக்ஸ் பக்கங்களில் நட்சத்திரக் குறியிட்டு, இதன் பின்னணிக்கு இத்தனையாவது இதழைப் பார்க்க என்று ஆசிரியர் அடியில் எழுதும் குறிப்பு செய்த வேலையை இங்கே பென்னி செய்கிறாள். அவள் இருப்பதால் புதியவருக்கு வழி தெரிகிறது. பழையவருக்கு, தனக்கு விளக்கம் தேவையில்லை என்ற நிறைவு.

5. திரும்பிவரும் காலம்

உம்பர்ட்டோ எக்கோ 1962இல் சூப்பர்மேனைப் பற்றி எழுதிய கட்டுரை ஒரு சிக்கலை முன்வைத்தது. தொன்மத்தின் நாயகன் மாறாதவன். நாவலின் நாயகன் ஒவ்வொரு செயலாலும் மாறி முடிவை நோக்கி நகர்பவன். வாராவாரம் விற்கவேண்டிய சூப்பர்மேனுக்கு இரண்டும் வேண்டும். எனவே அவன் கதைகள் முன்பின் தெளிவற்ற ஒரு கனவுக் காலத்தில் நடக்கின்றன. ஒவ்வொரு கதையும் புதிதாகத் தொடங்குகிறது, எதுவும் அவனைச் செலவழிப்பதில்லை.

நகைச்சுவைத் தொடரின் காலமும் இதுவே. எத்தனை சண்டை நடந்தாலும் அரைமணி நேர முடிவில் எல்லோரும் அதே சோபாவில், ஷெல்டன் அவனுக்கென்று குறித்த அதே இடத்தில். ஆனால் 1960களில் மார்வெல் இந்தக் கனவுக் காலத்தில் நினைவைப் புகுத்தியது. முந்தைய இதழில் பட்ட காயம் அடுத்த இதழிலும் வலித்தது. நாயகர்கள் கல்லூரி முடித்தார்கள், மணந்தார்கள், இழந்தார்கள். மாறாமையும் நினைவும் ஒன்றோடொன்று இழுபறி நடத்துவதே அதன்பின் காமிக்ஸின் இயல்பாகிவிட்டது. 'தி பிக் பேங் தியரி' அந்த இழுபறியை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. வாரம்தோறும் அதே சோபா. பன்னிரண்டு ஆண்டுகளில் திருமணங்கள், குழந்தைகள், நோபல் பரிசு.

அந்தக் குடியிருப்பின் பழுதான மின்தூக்கி இதற்கு நல்ல சான்று. முதல் எபிசோடிலிருந்தே அது வேலை செய்வதில்லை. ஏறி இறங்கும்போது பேசுவதற்கு மாடிப்படி கிடைக்கிறது என்பதுதான் தயாரிப்பாளர்களுக்கு அதனால் வந்த ஆதாயம். மூன்றாம் சீசனின் முடிவில், 2010இல், அது பழுதான கதை சொல்லப்படுகிறது: லெனர்ட் செய்த ராக்கெட் எரிபொருள் சோதனை அதை வெடிக்கவைத்தது. நடைமுறை வசதிக்காக வைத்த ஒன்றுக்குப் பிந்தி வந்து பிறப்புக் கதை எழுதுவது மீநாயகக் காமிக்ஸின் பழகிய உத்தி. இறுதி எபிசோடில் அந்த மின்தூக்கி சரியாகிறது. தொடர்ந்து பார்த்துவந்தவருக்கு அது ஒரு கதாபாத்திரம் மீண்டு வந்ததற்கு ஒப்பு.

முன்கதைத் தொடரான 'யங் ஷெல்டன்' 2017இல் வந்தபோது இந்த உத்தி இன்னும் துலக்கமாயிற்று. மூலத் தொடரின் பத்தாம் சீசனில் ஷெல்டன் ஒரு செய்தி சொல்கிறான்: பதின்மூன்று வயதில் கதவைத் திறந்தபோது தன் தந்தையை வேறொரு பெண்ணோடு கண்டான், அதனால்தான் எங்கே போனாலும் மும்முறை தட்டுகிறான். முன்கதையிலோ அந்தத் தந்தை நல்லவராகவே வளர்ந்துவிட்டார். இரண்டும் பொருந்தவேண்டும். கடைசி சீசனில் விடை வந்தது: சிறுவன் கண்ட அந்தப் பெண், பொய்முடி அணிந்து வேடமிட்டிருந்த அவனுடைய தாயே. முன்பு சொன்னதில் ஒரு வரியும் பொய்யாகவில்லை. அதன் பொருள் மட்டும் தலைகீழானது. காமிக்ஸ் வாசகர் இதைக் கண்டால் தன் பழைய நண்பனைக் கண்டதுபோல் வரவேற்பார். ஸ்டான் லீயின் வெற்று உறைக்கு முழுத் தகுதியுள்ள தீர்வு இது.

6. பொருளும் பயனும்

சேகரிப்பைப் பற்றி இத்தொடர் சொல்வதும் கவனத்துக்குரியது. 2012இல் ஒளிபரப்பான எபிசோடில், பெட்டி பிரிக்காத பழைய 'ஸ்டார் டிரெக்' விளையாட்டுப் பொருளை லெனர்டுக்கும் ஷெல்டனுக்கும் ஆளுக்கொன்றாகப் பென்னி பரிசளிக்கிறாள். லெனர்ட் பெட்டியைத் திறக்கத் துடிக்கிறான். திறந்தால் மதிப்புப் போய்விடும் என்கிறான் ஷெல்டன். அவன் கனவில் ஸ்பாக் பொம்மை லெனர்ட் நிமோயின் குரலிலேயே பேசி, விளையாடத்தானே அது செய்யப்பட்டது என்று தூண்டுகிறது. திறந்து விளையாடி உடைத்துவிட்டு, லெனர்டின் பெட்டியில் உடைந்ததை வைத்து மாற்றிவிடுகிறான்.

அன்பினால் வாங்கிய பொருளை அன்பு காட்டாமல் பாதுகாக்கவேண்டிய முரண் ஒவ்வொரு சேகரிப்பாளருக்கும் தெரியும். 1990களில் நெகிழி உறைக்குள் அடைத்து விற்கப்பட்ட இதழ்களைப் பிரிக்காமலே வைத்திருந்தவர்கள் படிக்கவும் இல்லை, பணமும் பார்க்கவில்லை. அந்தத் தலைமுறையின் சங்கடத்தை உபதேசமில்லாமல் இக்காட்சி சொல்லிவிடுகிறது.

7. மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, தொடர் தங்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை, தங்களைப் பார்த்துச் சிரிக்கிறது என்று காமிக்ஸ் இரசிகர்களில் ஒரு சாரார் எழுப்பிய குற்றச்சாட்டு. அதற்கு முன்வரலாறும் உண்டு. 1986 டிசம்பரில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் 'ஸ்டார் டிரெக்' நடிகர் வில்லியம் ஷாட்னர், அத்தொடரின் இரசிகர்களைப் பார்த்து, போய் வாழ்க்கையைப் பாருங்கள் என்று சொல்வதாக ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. இரசிகர் பண்பாட்டைப் பற்றி ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட முன்னோடி நூல் அந்தக் காட்சியை அலசியே தொடங்குகிறது. முதல் சீசனில் பென்னியும் இதைச் சொல்கிறாள். 1960ஆம் ஆண்டுப் படத்தில் வந்த கால இயந்திரத்தை நால்வரும் வாங்கி மாடிப்படியை அடைத்துவிட, வளர்ந்த ஆண்கள் பொம்மைகளோடு வாழ்க்கையை வீணாக்குகிறீர்களே என்று வெடிக்கிறாள்.

வேறுபாடு அடுத்து நடப்பதில் இருக்கிறது. வெட்கப்பட்ட லெனர்ட் தன் சேகரிப்பை விற்கக் கிளம்புகிறான். கடைசியில் மன்னிப்புக் கேட்பது பென்னி. ஷாட்னரின் காட்சியில் இரசிகர்கள் வாயடைத்து நிற்கும் கூட்டம். இங்கே அவர்களுக்குப் பதில் சொல்ல வாயும் நேரமும் இருக்கின்றன. 2010 டிசம்பர் எபிசோடில் தொடர் இன்னொரு பக்கத்தையும் காட்டியது. பென்னியின் எளிய நண்பன் ஸாக்கை நால்வரும் அறிவைக் காட்டி நையாண்டி செய்கிறார்கள். காலமெல்லாம் அடிபட்டவர்கள் இங்கே அடிப்பவர்களாக இருப்பது அவர்களுக்கே சுட்டிக்காட்டப்படுகிறது. அறிவை ஆயுதமாக்கும் இந்தக் குணமும் காமிக்ஸ் கடைகளில் அறியப்பட்டதுதான்.

இரண்டாவது மறுப்பு வணிகம் சார்ந்தது. தொடரைத் தயாரித்தது வார்னர் பிரதர்ஸ். டிசி காமிக்ஸும் அதே குடும்பத்தின் சொத்து. ஷெல்டனின் சட்டைகளில் ஃப்ளாஷ் சின்னமும் கிரீன் லான்டர்ன் சின்னமும் மாறி மாறி வருவது தற்செயலன்று. இதை மறுக்க முடியாது. ஆனால் விளம்பரம் ஒருவரை வாங்கவைக்கலாம். வாதாடவைக்க அதனால் முடியாது. சட்டையில் டிசி இருந்தாலும் பேச்சில் மார்வெலுக்குக் குறைவில்லை.

மூன்றாவது மறுப்பே மிகக் கடுமையானது. 2013 ஜனவரி எபிசோடில் பென்னியும் அவளுடைய தோழிகள் ஏமியும் பெர்னடெட்டும் காமிக்ஸ் கடைக்குள் நுழைகிறார்கள். உள்ளே இருந்த ஆண்கள் அனைவரும் அசையாமல் வெறிக்கிறார்கள். பெண்கள் காமிக்ஸ் கடைக்கு அந்நியர் என்ற இந்தச் சித்திரம் அப்போதே பழசு. டிரினா ராபின்ஸ் 1970இலேயே முழுக்கப் பெண்கள் உருவாக்கிய காமிக்ஸ் இதழைக் கொண்டுவந்தவர். வெண்டி பினியின் 'எல்ஃப்குவெஸ்ட்' 1978 முதல் வெளிவந்தது. மீநாயகக் கதைகளில் பெண் பாத்திரங்கள் பலியாக்கப்படும் வழக்கத்தை 1999இல் பட்டியலிட்டுக் காட்டிய கெய்ல் சிமோன், பின்னர் டிசியின் முன்னணி எழுத்தாளரானார். இந்த வரலாறு தொடரின் கண்ணில் படவேயில்லை. கர்பி, டிட்கோ போன்ற ஓவியர்களின் கோடுகளைப் பற்றியும் பேச்சில்லை. பிரிட்டனில் 1999இல் வந்த 'ஸ்பேஸ்ட்' தொடரில் காமிக்ஸ் ஓவியன் ஒருவன் முதன்மைப் பாத்திரம். காட்சிகளை வெட்டி ஒட்டும் முறையிலேயே அத்தொடர் காமிக்ஸின் கண்ணைக் கொண்டுவந்தது. 'தி பிக் பேங் தியரி'யின் அசையாத கேமராக்களுக்கு அந்தக் கண் கிடையாது. அதனிடம் இருப்பது காது.

8. சுத்தியலைத் தூக்கியவர்கள்

அந்த 2013 எபிசோடில் நடப்பதை முழுதாகப் பார்த்தால் இக்கட்டுரையின் வாதம் தெளிவாகும். கடையில் வாங்கிய காமிக்ஸைப் படித்துவிட்டு மூன்று பெண்களும் மார்வெல் நாயகன் தோரின் சுத்தியலைப் பற்றிச் சண்டை போடத் தொடங்குகிறார்கள். தகுதியுள்ளவர் மட்டுமே தூக்கமுடியும் என்ற விதி, எது தகுதி, யாருக்கு உண்டு என்று வாதம் வளர்கிறது. காமிக்ஸில் இதற்குப் பல விடைகள் உண்டு. 1983இல் பீட்டா ரே பில் தூக்கினான், 1988இல் கேப்டன் அமெரிக்கா தூக்கினான். அது எதுவும் தெரியாமலே மூவரும் வாதாடுகிறார்கள், அந்தக் கணத்திலேயே காமிக்ஸ் வாசகர்களாகிவிடுகிறார்கள். வாசகராக ஆவதற்குத் தொடர் வகுத்த இலக்கணம் இதுதான்: எத்தனை இதழ் வைத்திருக்கிறார் என்பதோ, எந்தச் சட்டை அணிகிறார் என்பதோ, ஆணா பெண்ணா என்பதோ கணக்கில் இல்லை. கற்பனையின் விதியை ஏற்றுக்கொண்டு அதன்படி வழக்காட வந்துவிட்டாரா என்பதே கேள்வி. கடை வாசலில் தொடர் செய்த தவற்றை அதே எபிசோடின் பிற்பகுதி பாதியாவது திருத்துகிறது.

தொடர் ஓடிய காலமும் இங்கே பொருள்படுகிறது. முதல் சீசன் முடியும் தறுவாயில், 2008 மே மாதத்தில், 'அயர்ன் மேன்' வெளியானது. தொடர் முடிவதற்கு மூன்று வாரம் முன்பு, 2019 ஏப்ரலில், 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வந்தது. அந்தப் படத்தில் கேப்டன் அமெரிக்கா தோரின் சுத்தியலைத் தூக்கியபோது திரையரங்குகள் அதிர்ந்தன. ஒரு கடையின் மூலையில் நடந்த வாதத்தின் விடைக்குக் கோடிக்கணக்கானோர் கைதட்டினார்கள். 2007இல் விளக்கம் தேவைப்பட்ட பெயர்களுக்கு 2019இல் விளக்கம் தேவைப்படவில்லை.

காமிக்ஸ் கதைகள் அப்படி எல்லோருடைய சொத்தாகிவிட்டபின், கதை தெரியும் என்பதால் மட்டும் ஒருவர் தனித்து நிற்க முடியாது. வாசகரிடம் எஞ்சியிருப்பது அவருடைய பழக்கம்: விதியை ஏற்று விளைவைக் கேட்பது, முரணைக் கண்டு அதைப் பொருத்துவது, மூலச்சான்று எங்கே என்று கேட்பது, தோற்றாலும் அடுத்த புதன்கிழமை புது இதழ் வந்ததும் திரும்ப வந்து அதே வாதத்தைத் தொடங்குவது. படங்கள் கதையை எடுத்துக்கொண்டன. பழக்கத்துக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெருந்திரளான மக்கள் முன்னால் இடம் கொடுத்தது இந்த நகைச்சுவைத் தொடர். அதன் கேலியைப் பொறுத்துக்கொண்டும், அதன் பார்வைக் குறைகளைக் கண்டித்துக்கொண்டும் காமிக்ஸ் இரசிகர்கள் அதைத் தொடர்ந்து பார்த்தார்கள். அதில் வந்த பிழைகளைப் பட்டியலிட்டு, அவை ஏன் பிழையல்ல என்றும் எழுதினார்கள். ஒரு தொடரைக் காமிக்ஸ் வாசகர் தனதாக்கிக்கொண்டார் என்பதற்கு அதைவிட உறுதியான அளவுகோல் கிடையாது.